மறுமொழி: 'ரேங்க்' — பதவியா, பதவிநிலையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காவல்துறைக் கலைச்சொல் பட்டியலில் 'ரேங்க்' என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தமிழ் தேடுவதில் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். இழையில் வந்த கருத்துகளுக்கு ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> 'பதவி' என்று அழகான சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

சென்னை மாநகரக் காவல் ஆணையர் என்பது ஒரு நாற்காலி. அதில் பெரும்பாலும் ஏ.டி.ஜி.பி. (மாநிலக் காவலின் உச்ச நிலையான டி.ஜி.பி.க்கு ஒரு படி கீழ்) ஒருவர் உட்காருவார். கோவையிலும் ஆணையர் உண்டு. அங்கே வழக்கமாக அதற்கும் ஒரு படி கீழே உள்ள ஐ.ஜி. நாளைக்கே சென்னை ஆணையரைச் சிறைத்துறைக்கு மாற்றினால் நாற்காலி போகும், ஆணையர் என்ற பெயர் போகும். ஏ.டி.ஜி.பி. என்பது போகாது. கூடவே வருகிற அதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். இரண்டையும் 'பதவி' என்றே எழுதினால் 'பதவி மாறினார், ஆனால் பதவி மாறவில்லை' என்று எழுத வேண்டிவரும்.

இது வெறும் அகராதிப் பிரச்சினையும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் ஏழாவது விதி, வழக்கைப் புலனாய்வு செய்பவர் துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது. மாநகரத்தில் துணைக் கண்காணிப்பாளர் என்ற பெயரில் உட்கோட்டத்தில் யாரும் இருக்கமாட்டார். அதே மட்டத்தில் இருப்பவர் உதவி ஆணையர். விதியைத் தமிழில் 'பதவிக்குக் குறையாத' என்று எழுதிவைத்தால், 'இவர் அந்தப் பதவியிலேயே இல்லையே' என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்க நாமே இடம் கொடுத்ததாகும்.

> பத்திரிகைகள் 'அந்தஸ்து' என்று எழுதுகின்றனவே, அதையே வைத்துக்கொள்ளலாமே.

'ஐ.ஜி. அந்தஸ்திலான அதிகாரி விசாரிப்பார்' என்று தினமும் படிக்கிறோம். பொருள் துல்லியமாகவே இருக்கிறது. வடசொல்லா அரபுச்சொல்லா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. என் தயக்கம் வேறு: அந்தஸ்து என்றால் 'அதற்குச் சமமான மரியாதை' என்றும் பொருள் வந்துவிடுகிறது. அமைச்சர் அந்தஸ்தில் வாரியத் தலைவர் என்கிறோம். அவர் அமைச்சர் இல்லை. ஐ.ஜி. அந்தஸ்தில் இருப்பவரோ ஐ.ஜி.யேதான்.

மற்ற பரிந்துரைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'தரவரிசை' கல்லூரிகளுக்கும் கிரிக்கெட் அணிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 'மட்டம்' என்று ஒரு டி.ஜி.பி.யைப் பற்றி எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. 'படி' எனக்குப் பிடித்த சொல், ஆனால் அரசு ஊழியரிடம் படி என்றால் பஞ்சப்படிதான். 'வரிசை' நல்ல பழஞ்சொல், அவரவர் தகுதிக்குரிய மரியாதை என்ற பொருளே உண்டு. இன்று சீர்வரிசைக்கும் ரேஷன் கடை வரிசைக்கும் நடுவே அது தாக்குப்பிடிக்குமா?

என் வாக்கு 'பதவிநிலை'க்கு. நாற்காலிக்குப் 'பணியிடம்', அதற்குச் சூட்டிய பெயருக்குப் 'பதவிப்பெயர்', ஏணி முழுவதற்கும் 'படிநிலை'. 'முதல்நிலைக் காவலர், இரண்டாம் நிலைக் காவலர்' என்பதில் ஏற்கெனவே 'நிலை' இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கட்டும். அது காவலர் என்ற ஒரே பெயருக்குள் இருக்கும் பிரிவு.

இந்தப் பிரிவினை கீழ்மட்டத்தில்தான் அதிகம் உதவும். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் 10 ஆண்டில் முதல்நிலை, அடுத்த 5 ஆண்டில் தலைமைக் காவலர், மேலும் 10 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பதுதான் நெடுநாளாக இருந்த கணக்கு. அவருக்காக ஒரு புதுப் பணியிடம் காலியாகக் காத்திருக்கவில்லை. ஆளின் நிலைதான் உயர்கிறது. தோளில் நட்சத்திரம் ஏறியிருக்கும், ஆனால் பந்தோபஸ்துக்கு அதே தெருமுனையில் அதே தடுப்புக் கட்டையை ஒட்டி நிற்பார். 'பதவி உயர்வு' என்று ஒரே சொல்லில் இதைச் சொல்லும்போது பாதிதான் சொல்கிறோம்.

> ஐ.ஜி.க்குக் 'காவல்துறைத் தலைவர்' என்றே அரசு எழுதுகிறது. பட்டியலில் அதையே போட்டுவிடலாமா?

இங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது. 1861ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தில் ஒரு மாகாணக் காவலுக்கு உச்சியில் இருப்பவர் ஐ.ஜி. சென்னை மாகாணத்துக்கு அதற்கும் முந்திய, 1859ஆம் ஆண்டின் மாவட்டப் போலீஸ் சட்டம். அங்கேயும் உச்சி ஐ.ஜி.தான். அப்போது 'தலைவர்' என்றால் தலைவரேதான். 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் மாநிலத்துக்கு மாநிலம் டி.ஜி.பி. என்று மேலே ஒரு தளம் கட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஏ.டி.ஜி.பி. செருகப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் ஏ.டி.ஜி.பி.க்களே பத்துக்கு மேல், ஐ.ஜி.க்கள் இன்னும் அதிகம். ஆக, நம்மிடம் ஒரே துறைக்கு டஜன் கணக்கில் தலைவர்கள்!

டி.ஜி.பி.யும் ஒருவரில்லை என்று ஆனபிறகு, மெய்யான தலைவரைத் தனியே காட்ட வேண்டியதாயிற்று. அவர்தான் 'படைத்தலைவர்'. காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்று சொன்னது இவரைப் பற்றியே, டி.ஜி.பி. நிலையில் உள்ள எல்லோரையும் பற்றி இல்லை. தோளைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஏ.டி.ஜி.பி., டி.ஜி.பி. இருவருக்கும் குறுக்காக வைத்த வாளும் கோலும், மேலே அசோகச் சின்னமும். வித்தியாசம் சம்பள அட்டவணையில்தான்: ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் ஏ.டி.ஜி.பி. 15ஆம் நிலை, டி.ஜி.பி. 16, படைத்தலைவர் 17. கீழே ஆய்வாளருக்கும் துணைக் கண்காணிப்பாளருக்கும் மூன்று மூன்று நட்சத்திரம் என்றாலும், ஆய்வாளரின் தோள்பட்டை அடியில் சிவப்பு நீல நாடா இருக்கும். மேலே அந்த நாடா அளவு உதவிகூடக் கிடையாது.

இலங்கையில் இந்தக் குழப்பமே இல்லை. பொலிஸ் மா அதிபர், அதாவது அவர்களுடைய ஐ.ஜி., இன்றும் ஒரே ஒருவர், உச்சியில். கூட்டம் சேர்ந்தபோது அவர்கள் கீழே சேர்த்தார்கள்: பிரதிப் பொலிஸ் மா அதிபர், அவருக்கு மேல் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர். ஒரே காலனிப் பெயர் அங்கே முதற்படி, இங்கே மூன்றாம் படி. செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் இலங்கையின் மா அதிபரை நம் ஐ.ஜி. என்று எழுதி அடிக்கடி இரண்டு படி இறக்கிவிடுகிறார்கள்.

என் யோசனை: ஐ.ஜி.க்கு அரசு வழக்கை மாற்ற நமக்கு அதிகாரமில்லை, 'காவல்துறைத் தலைவர்' என்றே போடுவோம். விளக்கத்தில் 'பதவிநிலை, துறையின் தலைமை அல்ல' என்று ஒரு வரி சேர்ப்போம். உச்சியில் புதுத் தளங்கள் முளைத்துப் பழைய பெயரின் மதிப்பு இறங்கும் இந்தப் போக்குக்குப் பணவீக்கத்தை ஒட்டிப் 'பதவிவீக்கம்' என்று ஒரு சொல்லை முன்வைக்கிறேன். நோய்ப்பெயர் மாதிரி இருக்கிறது என்பீர்கள். ஆமாம், இருக்கிறது.

கடைசியாக முன்னொட்டுகள். ஆணையருக்கு முன்னால் கூடுதல், இணை, துணை, உதவி நான்கும் ஒழுங்காக நிற்கின்றன. எஸ்.ஐ.யில்தான் உதைக்கிறது. 'உதவி ஆய்வாளர்' என்கிறோம். 'சார்பு ஆய்வாளர்' என்றும் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் எஸ்.ஐ.க்கு ஒரு படி கீழான ஏ.எஸ்.ஐ. கிடையாது என்பதால் இது உள்ளூரில் ஓடிவிடும். கேரளத்திலும் கர்நாடகத்திலும் ஏ.எஸ்.ஐ. உண்டு. அவரை என்னவென்று எழுதுவது? உதவி உதவி ஆய்வாளரா? சார் ஆட்சியர், சார்பதிவாளர் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதே வழியில் எஸ்.ஐ. 'சார் ஆய்வாளர்', ஏ.எஸ்.ஐ. 'உதவிச் சார் ஆய்வாளர்' என்று பிரித்துவிடலாம். இலங்கையில் எஸ்.ஐ.யை 'உப பொலிஸ் பரிசோதகர்' என்று சொல்வதால் 'உதவி' அங்கே உதவி அத்தியட்சகருக்கு (நம் வழக்கில் உதவிக் கண்காணிப்பாளர்) மிச்சமாகிறது. 'உப' வேண்டாம் என்பவர்கள் 'சார்'இல் என்ன குறை என்று எழுதுங்கள். 'சார், சார் ஆய்வாளர் இருக்காரா?' என்ற நகைச்சுவையை மட்டும் யாரும் அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே வந்துவிட்டது.