பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்தால் பொறியியல் படிக்க வழி உண்டா?

கேள்வி (மாணவனின் தந்தை):
அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவரும் என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 371 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடைந்திருக்கிறான். அதே பள்ளியில் உயிரியல், கணினி அறிவியல் பிரிவுகளோடு தொழிற்கல்வியில் அடிப்படை இயந்திரவியலும் இருக்கிறது. வீட்டுத் தண்ணீர் மோட்டாரைத் தானே கழற்றிப் பூட்டும் அளவுக்குக் கைவேலையில் நாட்டம் உள்ள அவன் அந்தப் பிரிவைத்தான் கேட்கிறான். உறவினர்களோ, மார்க் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம் அது என்கிறார்கள். அதில் சேர்ந்தால் பின்னால் பொறியியல் படிக்க முடியாமல் போகுமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்):
ஐயா, அந்த வழி அடைபடாது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் தொடங்கியது. கணிதத்தோடு இயந்திரவியல் படித்தவர்கள் பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விக்கான தனி ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். அங்கே செய்முறை மதிப்பெண்ணும் தரவரிசைக்குச் சேரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021இல் வந்த 7.5 விழுக்காட்டு இடங்களுக்கும் உங்கள் மகன் தகுதி பெறுவான். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். படிப்பைத் தொடர முடியாதவர்களுக்கும், 1986இல் திருத்தப்பட்ட தொழிற்பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி பெறும் வாய்ப்பு இருக்கிறது.

உறவினர்கள் சொல்வது என்னை வருத்துகிறது. என் வகுப்பில் இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றில் ‘வி’ வடிவப் பள்ளமும் மற்றொன்றில் அதற்கேற்ற முனையும் அரத்தால் ராவச் சொல்வேன். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகு இரண்டையும் பொருத்திச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்போம். இடுக்கில் ஒரு கீற்று ஒளி தெரிந்தாலும் மீண்டும் ராவ வேண்டும். அதைப் பொறுமையாகச் செய்து முடிக்கும் பிள்ளையை அறிவு குறைந்தவன் என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி (முன்னாள் மாணவர்):
நான் இதே பிரிவில் படித்து, பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, இப்போது கோவையில் பம்பு செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறேன். லேத்தில் கை பழகியிருந்ததால் பட்டறை வகுப்புகளில் எனக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை. ஆனால் பள்ளியில் இயற்பியல் படிக்காததன் குறை டிப்ளமோவில் நன்றாகவே தெரிந்தது. விசை, முறுக்கம் பற்றிய கணக்குகளைப் புரிந்துகொள்ள ஓர் ஆண்டு போராடினேன். விடுமுறை நாட்களில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலையும் உங்கள் மகன் தானாகப் படித்துவரட்டும்.

மறுமொழி (ஒரு தாய்):
என் மகள் செவிலியம் பிரிவில் விரும்பித்தான் சேர்ந்தாள். பி.எஸ்சி. நர்சிங் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகே அறிந்தோம்; அதைச் சேரும் நாளிலேயே பள்ளியில் யாரும் சொல்லவில்லை. மேலும், அந்தப் பிரிவின் ஆசிரியர் ஓய்வு பெற்றபின் பல மாதங்கள் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஆகவே பிரிவின் பெயரை மட்டும் பார்க்காமல், நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பட்டறையில் இயந்திரங்கள் ஓடுகின்றனவா என்று நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மகனுடன் பள்ளிக்குச் சென்றோம். ஆசிரியர் இருக்கிறார், இரண்டு லேத்துகளில் ஒன்று ஓடுகிறது, மற்றொன்றுக்கு மோட்டார் பழுது. கணிதம் உள்ள பிரிவுதான் என்பதையும் தலைமையாசிரியரிடம் உறுதி செய்துகொண்டேன். திங்கட்கிழமை சேர்க்கிறோம்.