ரீ-வோல்ட் ஞாயிறு பந்தயம்: ரசிகர்கள் செய்த வண்டிகளைச் சேர்க்கலாமா?

சத்துவாச்சாரி சாரதி:
நண்பர்களே, நம் ரீ-வோல்ட் கணினி ஆட்டத்துக்காக நான் செய்த ஷேர் ஆட்டோவை இந்த ஞாயிறு ஓட்டலாமா? ரிமோட் பொம்மைக் கார்கள் ஓடும் இந்த ஆட்டம் 1999இல் வந்தபோது 28 வண்டிகள்தாம். எல்லாவற்றையும் ஓட்டித் தேய்த்துவிட்டோம். காட்பாடி–பாகாயம் சாலையில் தினமும் பார்க்கும் வண்டியை ஆட்டத்தின் டாய்ஸ் இன் தி ஹூட் பந்தயத் தெருவில் பார்க்க ஆசை. முன்புறம் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கட்டியிருக்கிறேன். அதை வரைய மட்டும் இரண்டு இரவுகள் ஆயின.

கோட்டை அகழி:
வேண்டாம் தம்பி. ஆர்.சி. பேண்டிட் என்ற தொடக்க வண்டியில் தொடங்கி, ஒவ்வொரு பந்தயமாக வென்று வேகமான வண்டிகளைத் திறந்தவர்கள் நாம். அந்த உழைப்புக்கு என்ன மதிப்பு? போன மாதம் ஒருவர் எங்கிருந்தோ இறக்கிக் கொண்டுவந்த காரின் குணங்களை எண்களாக எழுதிவைக்கும் பராமீட்டர்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். நான்கு சக்கரங்களிலும் ‘கிரிப்’ எண்ணை ஏற்றி வைத்திருந்தார். வளைவில் வழுக்கவே வழுக்காத காரோடு எப்படிப் போட்டி போடுவது?

குடியாத்தம் தறி:
அண்ணா, அது அந்த ஆளின் குற்றம். அதற்காக எல்லா வண்டிகளையும் தள்ளிவைப்பதா? ஆட்டத்தை வெளியிட்ட அக்ளைம் நிறுவனம் 2004இலேயே திவாலாகிவிட்டது. இன்றைய கணினிகளில் அதே ஆட்டத்தை ஓட வைக்கும் ஆர்விஜிஎல் என்ற புதுப் பதிப்பு ரசிகர்களின் உழைப்பு. அதை ஏற்றுக்கொண்டு, அதே ரசிகர்கள் செய்த வண்டியை மட்டும் வாசலில் நிறுத்துவது நியாயமில்லை. புது வண்டி தனி ஃபோல்டரில்தான் உட்காரும், பழைய 28இல் ஒன்றையும் தொடாது.

கோட்டை அகழி:
ஒழுகும் வீட்டுக்கு ஓடு மாற்றுவது வேறு, சுவரை இடித்து அறை கூட்டுவது வேறு. ஆர்விஜிஎல் ஓடு மாற்றியது.

சத்துவாச்சாரி சாரதி:
அண்ணா, எண்களைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன். எடை, டாப் ஸ்பீட், கிரிப் மூன்றையும் பேண்டிட்டிலிருந்து அப்படியே எடுத்தேன். ஆட்டத்தில் வண்டிக்கு நான்கு சக்கர இடங்கள். முன்சக்கரம் இரண்டையும் நடுவில் நெருக்கி, ஒன்றை மறைத்துவிட்டேன். அதனால் வேகமாகத் திருப்பினால் வண்டி கவிழ்கிறது. ஈர்ப்பு மையத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கவிழாது. ஒரு வரியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். நான் மாற்றவில்லை. ஆட்கள் ஏறிய ஷேர் ஆட்டோ நம் வேலூர் கிரீன் சர்க்கிளில் எப்படித் திரும்புமோ, இதுவும் அப்படியே திரும்ப வேண்டும். நேற்று கோஸ்ட் டவுன் பந்தயத் தடத்தில் மூன்று சுற்றில் ஏழு முறை கவிழ்ந்து, கடைசியாக வந்தேன்.

குடியாத்தம் தறி:
இதைவிட நேர்மையான வண்டி வேறு வேண்டுமா?

கோட்டை அகழி:
ஏழு முறையா? சரி, எனக்கும் அனுப்பு. எல்லோர் கணினியிலும் ஒரே கோப்பு இருக்கிறதா என்று சனிக்கிழமை இரவே பார்த்துவிடுவோம். ஞாயிறு முதல் பந்தயம் ஷேர் ஆட்டோ மட்டும், ஆளுக்கொன்று. புள்ளி போடும் பந்தயங்களில் அந்த 28தான். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

சத்துவாச்சாரி சாரதி:
அனுப்பிவிட்டேன் அண்ணா. மஞ்சள் நிறத்தை உங்களுக்கு வைத்திருக்கிறேன்.