தையலும் எம்பிராய்டரியும் ஒரே மெஷினில்: 4×4 போதுமா, 5×7 வேண்டுமா?

நூற்கண்டு:

தையலும் எம்பிராய்டரியும் சேர்ந்து வரும் காம்போ மெஷின் ஒன்று வீட்டுக்கு வாங்கலாம் என்று இருக்கிறேன். இப்போது இருப்பது சாதா ஜிக்ஜாக் மெஷின். மேசையில் இரண்டுக்கு இடம் இல்லாததால், புதியது வந்ததும் பழையதைக் கொடுத்துவிட எண்ணம்.

வாரத்தில் மூன்று நான்கு நாள் உடுப்பு தைக்கும் வேலை இருக்கும். இடையிடையே ஆல்டரேஷன், ஜீன்ஸ் ஓரம் மடித்து அடிப்பது. எம்பிராய்டரியில் டவல், தலையணை உறை, டி-ஷர்ட் நெஞ்சுப் பக்கம் சின்ன டிசைன், துணிப்பைகளில் பெயர். பெயர்கள் தமிழிலும் வேண்டும்.

4×4 அங்குல ஹூப் (எம்பிராய்டரிக்குத் துணியைப் பிடிக்கும் சட்டம்) போதுமா, 5×7 எடுக்க வேண்டுமா? முதலில் சின்னதை வாங்கிவிட்டு, பிறகு பெரிய ஹூப்பை மட்டும் வாங்கி மாட்டலாமா? காம்போவில் தையல் பக்கம் தரம் குறையுமா? மெஷினிலேயே டிசைன்கள் இருக்கும்போது கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் எதற்கு?

ஊசிக்காது:

ஹூப்பை முதலில் முடிவு செய்யுங்கள். வாங்கிய பிறகு மாற்றவே முடியாதது அது.

டிசைன் எவ்வளவு பெரிதாக வரும் என்பது பிளாஸ்டிக் சட்டத்தின் கையில் இல்லை. அந்தச் சட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடும் கேரேஜ் எவ்வளவு தூரம் நகருமோ அவ்வளவுதான். 4×4 மெஷின்களுக்கு நீளமான ஹூப் தனியாகக் கிடைக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பக்கவாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மாட்டும் கொக்கி இருக்கும். டிசைனைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டு முடிந்ததும் ஹூப்பைக் கழற்றி அடுத்த கொக்கியில் மாட்டித் தொடர வேண்டும். ஒவ்வொரு தடவையும் தைக்கும் பரப்பு அதே 4×4தான். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று. 4×4 என்று எழுதியிருந்தாலும் உண்மையான பரப்பு 100×100 மி.மீ. நான்கு அங்குலம் என்பது 101.6 மி.மீ. 'நான்கு அங்குல டிசைன்' என்று விற்கும் ஃபைல் சரியாக 4.00 அங்குலம் இருந்தால் மெஷின் அதைத் திறக்காது, அல்லது பட்டியலிலேயே காட்டாது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்வது இதைத்தான். டிசைன் வாங்கும்போது மி.மீ. அளவு பாருங்கள்: 4×4-க்கு 100×100, 5×7-க்கு 130×180.

உங்கள் பட்டியலில் நெஞ்சுப் பக்க டிசைன் 8–9 செ.மீ. அகலத்தில் அடங்கிவிடும், அதற்கு 4×4 தாராளம். டவலிலும் பையிலும் பெயர் போடும்போதுதான் இடிக்கும். ஐந்தாறு எழுத்துப் பெயர் தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்கு வந்தால் 100 மி.மீ. தாண்டிவிடும். 5×7 ஹூப்பில் டிசைனை 90 டிகிரி திருப்பி வைத்தால் 180 மி.மீ. நீளம் கிடைக்கிறது. என் ஓட்டு 5×7-க்கு.

ஒப்பிட்டுப் பார்க்க: பிரதர் எஸ்.இ. 700 ஒரு 4×4 காம்போ, அதே நிறுவனத்தின் எஸ்.இ. 2000 ஒரு 5×7 காம்போ. பெர்னெட் 79-இல் 160×260 மி.மீ. வரை வரும்.

சாஃப்ட்வேர்: உள்ளே இருக்கும் பூக்களும் ஆங்கில எழுத்துகளும் சீக்கிரம் அலுத்துவிடும். வெளியிலிருந்து டிசைன் எடுக்கும்போது மெஷினுக்கு உரிய ஃபைல் வகை தேவை. பிரதருக்கு பி.இ.எஸ்., ஜனோமுக்கு ஜே.இ.எஃப்., ஹஸ்க்வர்னா-ஃபாஃப் மெஷின்களுக்கு வி.பி.3. தொழிற்சாலை மெஷின்களுக்கான டி.எஸ்.டி. வகையைப் பல வீட்டு மெஷின்களும் படிக்கும். ஆனால் அதில் நிற விவரம் சேமிக்கப்படுவதில்லை. எங்கே நிறம் மாற வேண்டும் என்பது மட்டும் இருக்கும். திரையில் தப்பான நிறம் தெரிந்தால் பதறாமல், டிசைனோடு வந்த நிறப் பட்டியலைப் பார்த்து நூல் போடுங்கள்.

ஓவர்லாக்:

ஹூப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வாரம் மூன்று நான்கு நாள் தைப்பவருக்குக் காம்போ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர டிசைன் ஒன்றில் 12,000 தையல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 400 தையல் போடும் மெஷினில் அது 30 நிமிடம். 650 போடும் மெஷினில் 18 நிமிடத்துக்கு மேல். வீட்டு மெஷினில் ஊசி ஒன்றுதான், ஆறு நிறம் என்றால் ஆறு தடவை நூல் கோக்க வேண்டும். அத்தனை நேரமும் உங்களால் தைக்க முடியாது. எழுந்தும் போக முடியாது, நூல் அறுந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும். தனி மெஷின் என்றால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது இதில் ஓரம் அடித்துக்கொண்டிருக்கலாம்.

மாற்றும் வேலையும் உண்டு. மெஷினை அணைத்து, முன்பக்கத் துணைப்பெட்டியை உருவி, எம்பிராய்டரி யூனிட்டைச் செருகி, பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்தும் பாதம்) ஹோல்டரோடு திருகு கழற்றி எடுத்து, எம்பிராய்டரி ஃபுட்டைத் திருகி, ஊசி மாற்றி, பாபினில் (அடிநூல் சுற்றும் உருளை) மெல்லிய நூல் போட வேண்டும். பழகினால் ஐந்து நிமிடம்தான். ஆனால் நடுவில் ஒரு பட்டன்துளை போட வேண்டும் என்றால் இத்தனையும் திரும்ப. யூனிட் மாட்டி மெஷினைப் போட்டதும் கேரேஜ் தன் இடம் தேடி நகரும். இடதுபக்கமும் பின்பக்கமும் சுவர், கத்தரி, துணிக்குவியல் எதுவும் இருக்கக் கூடாது. மேசையில் இடம் இல்லை என்பவர்கள் இதையும் அளக்க வேண்டும்: 5×7 காம்போவில் யூனிட் மாட்டினால் இடப்பக்கம் நன்றாக நீண்டுவிடும்.

தையல் தரம் குறையாது. பருத்தி, லினன், மெல்லிய துணி எல்லாம் சாதா மெஷினைவிட அழகாகவே போகும். ஜீன்ஸ்தான் சிக்கல். பக்கத் தையல் மேல் தையல் வந்து ஆறு எட்டு மடிப்பு சேரும் இடத்தில் ஃபுட் பின்னால் சாய்ந்து நின்ற இடத்திலேயே தைக்கும். சில மாடல்களின் ஜிக்ஜாக் ஃபுட்டில் பக்கவாட்டில் சின்னக் கறுப்புப் பட்டன் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தபடி ஃபுட்டை இறக்கினால் அது மட்டமாகவே நிற்கும். அது இல்லாவிட்டால் அதே கனமுள்ள துணி மடிப்பை ஃபுட்டின் பின்புறம் அடியில் வைக்கலாம். 100/16 ஊசி போட்டு, அந்த இடத்தை மட்டும் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கடந்துவிடுங்கள். இருந்தாலும் எம்பிராய்டரியின் துல்லியம் வேண்டிய மெஷினில் தினமும் ஜீன்ஸ் அடிப்பதை நான் விரும்ப மாட்டேன்.

ஆகவே பழைய ஜிக்ஜாக்கைக் கொடுக்காதீர்கள். அதைப் பெட்டியோடு அலமாரியில் வைத்து எடுத்துக்கொள்ளலாம். புதியது எம்பிராய்டரி மட்டும் செய்யும் மெஷினாக இருக்கட்டும். தையல் பகுதிக்குப் போகும் பணம் ஹூப்புக்குப் போகும். ஜனோம் 400இ-இல் 200×200 மி.மீ., 500இ-இல் 200×280 மி.மீ. வரை தைக்கலாம், இரண்டிலும் தையல் கிடையாது.

நூற்கண்டு:

நன்றி. பழையதை வைத்துக்கொள்வது யோசிக்க வேண்டியதுதான். இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, தமிழ்ப் பெயர் போட என்ன வழி? மற்றது, தைத்து முடித்த டி-ஷர்ட்டிலும் பையிலும் இந்த மெஷின்களில் போட முடியுமா, அல்லது தையலைப் பிரிக்க வேண்டுமா?

புள்ளிக்கோலம்:

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். நான் பார்த்த வீட்டு மெஷின் எதிலும் உள்ளேயே தமிழ் எழுத்துரு இல்லை, டிசைனாகத்தான் தயார் செய்து ஏற்ற வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளும், அதனுள் சேரும் இங்க்/ஸ்டிட்ச் என்ற நீட்சியும் இலவசம். இரண்டுமே போதும்.

தடித்த எழுத்துரு என்றால் பெயரைத் தட்டச்சு செய்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து வடிவமாக்கி, நிரப்புத் தையலாக விடலாம். மெல்லிய கோட்டு எழுத்துக்கு நிரப்புத் தையல் அசிங்கமாக வரும். எழுத்தின் நடுவே ஒற்றைக் கோடு வரைந்து, கோட்டுக்கு 1.2–1.5 மி.மீ. தடிமன் கொடுத்து, அதைச் சாட்டினாக (இடமும் வலமும் நெருக்கமாகப் போய் வரும் தையல்) மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். சாட்டின் இடைவெளி 0.4 மி.மீ., அடித்தையலாக நடுக்கோடு ஒன்று, இழுப்பு ஈடு 0.2 மி.மீ. 40 எண் நூலுக்கு இது பொருந்தும். இழுப்பு ஈடு எதற்கென்றால், சாட்டின் தையல் துணியை இரண்டு பக்கமும் உள்ளே இழுப்பதால் கோடு திரையில் தெரிந்ததைவிட ஒல்லியாகிவிடும்.

அளவில்தான் பலர் தவறுகிறார்கள். ஆங்கில எழுத்து 6 மி.மீ. உயரத்திலும் படிக்கக் கிடைக்கும். தமிழ் அப்படியில்லை. ண, ஞ போன்ற எழுத்தில் ஐந்து கோடுகள் வரை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கோடு ஒன்றுக்கு 1 மி.மீ., நடுவே இடைவெளி 1 மி.மீ. என்றாலே அகலம் 9 மி.மீ. ஆகிவிடுகிறது, இழுப்பு ஈடு அந்த இடைவெளியையும் கொஞ்சம் தின்னும். சாட்டினில் 15 மி.மீ. உயரத்துக்குக் கீழே போகாதீர்கள். அதைவிடச் சின்னதாக வேண்டுமென்றால் சாட்டினை விட்டுவிட்டு, ஒவ்வொரு தையலும் மூன்று தடவை போகும் ஒற்றைக் கோட்டுத் தையல் கொடுங்கள். 8–10 மி.மீ.யிலும் சுத்தமாக வரும்.

புள்ளியை எழுத்துருவில் இருக்கும் அளவிலேயே விட்டால் 1 மி.மீ. வட்டத்துக்குள் முடிச்சும் தையலும் சேர்ந்து கட்டியாகிவிடும். விட்டத்தை 2 மி.மீ. ஆக்குங்கள். இங்கேதான் மெஷின் தேர்வும் வருகிறது. 'கார்த்திக்' என்று போடுங்கள்: க, கால், ர, புள்ளி, த, புள்ளி, தி, க, புள்ளி, ஆக ஒன்பது தனித் துண்டுகள். எட்டு இடத்தில் நூல் தாவும். தாவும் நூலைத் தானே வெட்டும் வசதி உள்ள மெஷினில் கவலை இல்லை. நிறம் மாறும்போது மட்டும் வெட்டும் மெஷினில் எட்டையும் கையால் வெட்ட வேண்டும். தமிழில் பெயர் போடப் போகிறவர்கள் உள்ளே எத்தனை நூறு டிசைன் இருக்கிறது என்பதைவிட இந்த வசதியைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபைலை வைஃபையில் அனுப்பும் மாடல்கள் உண்டு, இல்லையென்றால் பென்டிரைவ். மெஷின் டிரைவைப் படிக்கவில்லை என்றால் ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து பாருங்கள்.

ஊசிக்காது:

டி-ஷர்ட் நெஞ்சுப் பக்கம் பிரிக்காமலே போடலாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, தைக்கும் பகுதியின் வெளிப்பக்கம் மட்டும் ஹூப்பில் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, மீதித் துணியைச் சுற்றிலும் ஒதுக்கிக் கிளிப் போடுங்கள். முதுகுத் துணி ஹூப்புக்கு அடியில் போய்விட்டால் முன்னும் பின்னும் சேர்ந்து தைத்துவிடும். சட்டைக்கை, ஒடுக்கமான பை, பாக்கெட் எல்லாம் இந்த மாதிரி மெஷின்களில் நுழையாது. ஹூப் தட்டையான பரப்பின் மேல் நகர்கிறது. அவற்றுக்குப் பக்கத் தையலைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பை நீங்களே தைப்பதானால் முதலில் எம்பிராய்டரி, பிறகு வெட்டித் தைப்பது.

டி-ஷர்ட் போன்ற பின்னல் துணியை ஹூப்பில் இழுத்து மாட்டாதீர்கள். கழற்றியதும் துணி பழைய அளவுக்குச் சுருங்கும், டிசைனைச் சுற்றிச் சுருக்கம் விழும். கட்-அவே ஸ்டெபிலைசரை (துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் விரிப்பு, மிச்சத்தை வெட்டி எடுக்கும் வகை) மட்டும் ஹூப்பில் விறைப்பாக மாட்டி, அதன்மேல் தற்காலிகப் பசை தெளித்து, டி-ஷர்ட்டை இழுக்காமல் பரப்பி ஒட்டி, சுற்றிலும் ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஊசி 75/11 பால்பாயிண்ட் (நுனி உருண்டையானது). கிழித்தெடுக்கும் வகை ஸ்டெபிலைசர் டி-ஷர்ட்டுக்கு வேண்டாம், சில சலவையிலேயே டிசைன் தளர்ந்துவிடும். டவலுக்கு அடியில் கிழிக்கும் வகை, மேலே தண்ணீரில் கரையும் மெல்லிய தாள். மேல் தாள் இல்லையென்றால் டவல் இழைகள் எழுத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கும்.

அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் பாபினைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல் நூலில். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு முழுவதும் திரும்பக் கோத்துவிடுங்கள். டென்ஷன் எண்ணைத் தொடுவது கடைசியில்.

எண்ணெய்க்கிண்ணம்:

யாரும் சொல்லாததைச் சேர்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் மெஷின் பின்னால் உள்ள தகட்டைப் படியுங்கள். 110–120 வோல்ட் மெஷினை 220–240 வோல்ட் பிளக்கில் நேரே செருகினால் போர்டு போய்விடும்.

பழைய மெஷின் வாங்குவதானால் விற்பவரிடம் அமைப்புத் திரையில் மொத்தத் தையல் எண்ணிக்கையைக் காட்டச் சொல்லுங்கள், பல மாடல்களில் இருக்கும். பாபின் கேஸைக் கழற்றி விரலால் தடவுங்கள். ஊசி குத்திய வடு இருந்தால் மேல் நூல் அதில் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும். கேஸை மாற்றிவிடலாம், அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஹூப்பைக் கேரேஜில் மாட்டி இரண்டு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று ஆடக் கூடாது. மின்சாரம் போய் வந்தால் விட்ட தையலிலிருந்து தொடருமா என்று பார்க்க, ஓடும்போதே சுவிட்சை அணைக்க வேண்டாம், விளக்கப் புத்தகத்தில் அது எழுதியிருக்கும்.

கடைசியாக, ஸ்டெபிலைசர் வைத்த துணியில் 5 மி.மீ. அகலத்தில் ஏதாவது ஒரு சாட்டின் எழுத்துத் தைத்துக் காட்டச் சொல்லிப் பின்புறத்தைத் திருப்புங்கள். கோட்டின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், இரண்டு ஓரத்திலும் மேல் நூலும் தெரிந்தால் டென்ஷன் சரி. பின்புறம் முழுக்க மேல் நூலே தெரிந்தால் முதலில் ஃபுட்டைத் தூக்கி நூலைத் திரும்பக் கோத்து இன்னொரு எழுத்து போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே மாதிரி வந்தால் மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.