புதிய முறை எடுபடவில்லை என்றால் கோளாறு யாரிடம்?

கிடங்குக்காரன் எழுதியது:
புது மென்பொருளோ புது ஷிப்ட் முறையோ வந்து சொதப்பினால் நிர்வாகம் உடனே சொல்வது, "ஆட்களுக்கு மாற மனசில்லை". பயிற்சி வகுப்புகளிலும் இதையே ஒரு வளைகோடாக வரைந்து காட்டுகிறார்கள்: மறுப்பு, கோபம், சோர்வு, கடைசியில் ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து எடுத்த படம் அது. மரணத்தோடு வாதாட முடியாது. அலுவலகத்தின் புது நடைமுறையோடு வாதாடலாம், வாதாடவும் வேண்டும். "இது சரிவராது" என்று ஒருவர் சொல்லும்போது, "கோபக் கட்டத்தில் இருக்கிறார், போகப்போகச் சரியாகிவிடுவார்" என்று ஒதுக்கினால், அவர் சொன்னது உண்மையா என்று யார் பார்ப்பது? பெரும்பாலும் கோளாறு மாற்றத்தைக் கொண்டுவந்த விதத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நேர்கோடு எழுதியது:
ஆட்களை வைத்து வேலை வாங்குபவன் என்ற முறையில் மறுக்கிறேன். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாதார்ன் ஆலையில் 1931-32-இல் கம்பி இணைக்கும் அறையில் 14 ஆண்களைக் கவனித்தார்கள். அங்கே யாரும் எந்தப் புது முறையையும் திணிக்கவில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஒரு அளவு வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் செய்பவருக்குக் கேலி, மேல்கையில் ஒரு குத்து. குழுவின் பழக்கம் அவ்வளவு வலுவானது. அதை யாராவது முதலில் உடைத்தாக வேண்டும். உளவியலாளர் குர்ட் லெவின் மாற்றத்துக்கு 1947-இல் சொன்ன முதல் படியே உறைந்ததை இளக்குவதுதானே? மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோற்கின்றன என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நிர்வாகமா காரணம்?

மழைக்காகம் எழுதியது:
அந்த 70 சதவீதத்தை விட்டுவிடலாம். 1993-இல் மேலாண்மை நூலாசிரியர்கள் மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் நிறுவன மறுசீரமைப்பைப் பற்றி, 50 முதல் 70 சதவீதம் நினைத்த பலனைத் தரவில்லை என்று எழுதினார்கள். இது அறிவியல் முறைப்படியான மதிப்பீடு இல்லை என்று அவர்களே அங்கே சொல்லிவிட்டார்கள். அப்புறம் வந்தவர்கள் அந்த எச்சரிக்கையை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டார்கள்.

கிடங்குக்காரன் எழுதியது:
நேர்கோடு, அந்த 14 பேர் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிகம் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், யாரையாவது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பயந்தார்கள். அது பெருமந்தக் காலம். அந்தப் பயத்தைக் காரணமில்லாதது என்று யார் சொல்வது?

லெவினும் "உடை" என்று சொல்லவில்லை. முன்னே தள்ளும் விசையைக் கூட்டலாம், அல்லது தடுத்து நிற்கும் விசையைக் குறைக்கலாம். முதல் வழியில் இறுக்கம் ஏறும் என்பது அவர் வாதம். இதை அமெரிக்காவில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் பார்த்தார்கள். லெஸ்டர் காக்கும் ஜான் ஃபிரெஞ்சும் 1948-இல் வெளியிட்ட ஆய்வு. அட்டைமேல் அரை டஜனாக அடுக்கிக்கொண்டிருந்தவர்களை, இனி பெட்டிக்குள் அடுக்கச் சொன்னார்கள். மாற்றம் அவ்வளவுதான். மணிக்கு 60 அலகு என்பது அங்கே இலக்கு. ஒரு குழுவைக் கூட்டி விஷயத்தை விளக்கி, புதுக் கூலி விகிதத்தை அறிவித்து அனுப்பினார்கள். அவர்கள் உற்பத்தி 50-ஐ ஒட்டியே நின்றது. 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். வேறு குழுக்களில் எல்லோரும் உட்கார்ந்து புது வேலையை வடிவமைத்தார்கள், விகிதம் குறிப்பதிலும் பங்கெடுத்தார்கள். சீக்கிரமே பழைய அளவை எட்டி, அதைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போனார்கள். ஒருவரும் விலகவில்லை.

எனக்கு முக்கியமானது இதற்கு அப்புறம் நடந்தது. முதல் குழுவில் மிஞ்சிய 13 பேரை இரண்டரை மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றியபோது, அவர்களையும் கலந்து முடிவெடுக்க வைத்தார்கள். அதே ஆட்கள் வேகமாகத் தேறினார்கள். மனசில்லாதவர்கள் என்றால் அது எப்படி நடக்கும்?

நேர்கோடு எழுதியது:
நல்ல ஆய்வு, ஆனால் ஒரே ஆலை, சின்னக் குழுக்கள். நார்வேயில் ஒரு காலணி ஆலையில் அதே ஃபிரெஞ்ச் வேறு இருவருடன் சேர்ந்து இதைத் திரும்பச் செய்து 1960-இல் வெளியிட்டார். உற்பத்தியில் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. கூடிப் பேசினால் எல்லாம் சரியாகும் என்றால் அங்கே ஏன் ஆகவில்லை? பேசுவதற்கு நேரமும் செலவாகிறது. பாதுகாப்பு விதி மாறுகிறது, அடுத்த வாரம் அமல் என்றால் யாரைக் கூட்டி வைத்து என்ன பேசுவேன்?

கிடங்குக்காரன் எழுதியது:
நார்வேயில் முடிவெடுக்கக் கொடுத்த விஷயங்களே ஓரத்து விஷயங்கள். உற்பத்தி அளவு அவர்கள் கையில் இல்லை. தொழிற்சங்கம் வலுவாக இருந்த இடத்தில் இப்படி நேரடியாகப் பங்கெடுப்பதை முறையானதாகவும் பலர் நினைக்கவில்லை. திரைச்சீலையின் நிறத்தைக் கேட்டுவிட்டு "கலந்தாலோசித்தோம்" என்று எழுதிக்கொள்ளும் நிர்வாகத்துக்கு எதிரான சான்றாகத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

நான் வேலை செய்த ஒரு கிடங்கில் சரக்குப் பதிவேட்டை எடுத்துவிட்டுத் திரையில் பதியும் முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய ஏட்டின் ஓரத்தில் சரக்கு இறக்குபவர்கள் பென்சிலால் குறிப்பார்கள்: "அடிப்பெட்டி ஈரம்", "மூடி தளர்வு, முதலில் அனுப்பு". திரையில் இருந்தது பொருள் எண், எண்ணிக்கை, தேதி. குறிப்புக்கு இடமே இல்லை. அதனால் அவர்கள் மேசைக்கு அடியில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டார்கள். மேலாளர் அதைக் கண்டுபிடித்து, பழைய முறையை விட மறுக்கிறார்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, நோட்டையும் வாங்கிக்கொண்டார். அதற்கு அப்புறம் ஈரப்பெட்டிகள் வாடிக்கையாளருக்கே போய்ச் சேர்ந்தன. ஒரு கட்டத்தைக் கூடுதலாக வைக்கச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கேட்க ஆள் இல்லை.

மழைக்காகம் எழுதியது:
எங்கள் பிரிவிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. மேலே யாருக்கும் தெரியாது.

நேர்கோடு எழுதியது:
அந்த மேலாளர் செய்தது தவறு, அதில் எனக்கு வாதமில்லை. என் கேள்வி வேறு. நோட்டில் எழுதுபவரின் வேலையே போகப்போகிறது என்றால்? அவருக்கு இழப்பு நிஜம். எத்தனை முறை உட்கார்ந்து பேசினாலும் அது மாறாது. அந்த இடத்தில் ஹார்வுட் எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை.

கிடங்குக்காரன் எழுதியது:
சரி, அங்கே பேச்சு போதாது. எத்தனை இடம் போகும், எப்போது, ஈட்டுத்தொகை என்ன, வேறு வேலைக்குப் பயிற்சி உண்டா என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆள்குறைப்பு முடிவாகிவிட்ட பிறகு "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று கூட்டம் போடக் கூடாது. அதை ஒருமுறை செய்த நிர்வாகத்திடம் அடுத்த தடவை எவரும் வாய் திறக்க மாட்டார்கள். உங்கள் பாதுகாப்பு விதிக்கும் இதையேதான் சொல்வேன்: விதி வேண்டுமா வேண்டாமா என்று கேட்காதீர்கள். அந்த விதியோடு வேலை எந்த இடத்தில் தடைபடும் என்று இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் கேளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் போதும்.