பிரெம்போ காலிப்பர் மாற்றம்: புதுப்பிப்பு

2004 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரின் முன்பக்கத்தில், அதன் வேகமான வகையான எஸ்டிஐயின் நான்கு பிஸ்டன் பிரெம்போ நிறுவனக் காலிப்பரை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பாகம்) பொருத்தினேன், பிரேக் ஆயிலிலிருந்து எத்தனை முறை காற்று எடுத்தாலும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

இடது காலிப்பர் வலதிலும் வலது காலிப்பர் இடதிலும் மாட்டியிருந்தது! விற்றவர் ஒட்டியிருந்த சீட்டை அப்படியே நம்பிவிட்டேன். இரண்டு பக்கமும் போல்ட் சரியாகவே உட்காரும், அதனால் சந்தேகமே வரவில்லை. ஆனால் காற்று எடுக்கும் நிப்பிள்கள் (காற்றை வெளியேற்றத் திறந்து மூடும் சிறு திருகுகள்) கீழ்ப்பக்கம் போய்விட்டன. காற்று மேலே தங்கும், ஆயில் மட்டும் கீழே வெளியேறும். அப்புறம் எங்கே பெடல் இறுகும்? பக்கம் மாற்றினேன். ஒவ்வொரு காலிப்பரிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு நிப்பிள், இரண்டிலும் காற்று எடுத்தேன். பெடல் இப்போது கல் மாதிரி நிற்கிறது.

டிஸ்க் 326 மில்லிமீட்டர் என்பதால் பழைய 16 அங்குல வீல் நுழையவில்லை, 17 வாங்கினேன். பின்பக்கத்தை இப்போதைக்குத் தொடவில்லை. எஸ்டிஐயின் ஹேண்ட்பிரேக் டிரம் அளவே வேறு, அது தனி வேலை.

நிப்பிள் மேலே இருக்கிறதா என்று தயவுசெய்து முதலில் பாருங்கள்.