மூன்று மாதப் பயிற்சியோடு குடிநோயாளிக்குத் துணை நிற்க முடியுமா?

தேயிலைக்காடு (கோத்தகிரி):
குடியிலும் போதைப்பொருளிலும் சிக்கியவர்களுக்குத் துணை நிற்கும் வேலைக்கு மூன்று மாதத் தொழிற்பயிற்சி தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் தங்கைக்குச் சேர ஆசை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் சம்பள நாள் இரவு எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவள். அனுப்பலாம் என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மலைச்செவிலி (குன்னூர்):
அனுப்பாதீர்கள் தம்பி. குடிப்பதில் மட்டுமில்லை, நிறுத்துவதிலும் உயிராபத்து இருக்கிறது. நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சித்தம் கலங்கலாம். கவாத்து வெட்டும் தொழிலாளி ஒருவரை எங்களிடம் மூன்றாம் நாள்தான் கொண்டுவந்தார்கள். போர்வையில் இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டில் இரண்டு இரவு மந்திரித்திருக்கிறார்கள். இப்படி வருபவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுமுன் தையமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். தவறினால் மூளை கெடும். இதையெல்லாம் மூன்று மாதம் படித்த பிள்ளையிடமா ஒப்படைப்பது?

ஏழாண்டு (கோத்தகிரி):
நான் குடித்தவன். விட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சிஸ்டர், ஊசி போடுவது உங்கள் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு இரவும் அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? நீங்களும் இல்லை, டாக்டரும் இல்லை. பக்கத்து லைனில் விவரம் தெரிந்த ஒரு பெண் இருந்திருந்தால், எறும்பு என்று அவர் சொன்ன உடனேயே 108-ஐ அழைத்திருப்பாள்.

என்னை எல்லோரும் திருந்தச் சொன்னார்கள். எங்கள் ஊர் சத்துணவு அக்கா மட்டும், “காலையில் கத்தியைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா தம்பி?” என்று கேட்டார். நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது. அன்றைக்குத்தான் வாய் திறந்தேன். பெயரில்லாக் குடிநோயாளிகள் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பும் 1935இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீளப் போராடிய இருவர் உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான். அவர்களில் ஒருவர் மருத்துவர். அவருக்கே மருந்துக்கு மேல் ஒரு துணை தேவைப்பட்டது.

பந்திப்பூர் சாலை (கூடலூர்):
என் பயம் வேறு. சான்றிதழைச் சுவரில் மாட்டி, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மறுவாழ்வு மையம் என்று பலகை வைத்துவிடுவார்கள். என் சித்தப்பா மகனை அப்படி ஓர் இடத்தில் பூட்டி வைத்து அடித்தார்கள். முதுகில் தழும்பு இன்னும் இருக்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலச் சிக்கல்களும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்துக்குள் வருகின்றன. மையம் நடத்தப் பதிவு வேண்டும். இது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

இன்னொன்று, குடியை நிறுத்த வைக்கச் சாம்பாரில் யாருக்கும் தெரியாமல் கலக்கும் மாத்திரை. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அரைகுறையாகப் படித்தவர்கள் இரக்கப்பட்டே அதைக் கொடுத்துவிடுவார்கள்.

தேயிலைக்காடு:
அண்ணா, உங்கள் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலேயே பழங்குடிப் பெண்களைச் செவிலியராகவும் கிராம சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்திருக்கிறார்களே. ஊர்ப்பெண்களால் முடியாது என்று எப்படிச் சொல்வது?

பந்திப்பூர் சாலை:
முடியாது என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பெண்களுக்குப் பின்னால் ஒரு மருத்துவமனை நிற்கிறது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. உங்கள் தங்கைக்குப் பின்னால் யார்?

மலைச்செவிலி:
நானும் அதையேதான் கேட்கிறேன். ஏழாண்டு தம்பி சொன்ன, கை நடுங்குகிறதா என்ற அந்தக் கேள்வியை நான் நாலைந்து முறை படித்தேன். எங்கள் வார்டில் அப்படிக் கேட்க நேரம் கிடைப்பதில்லை, அது உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு குடிக்கிறார், எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்டறிய உங்கள் தங்கை கற்றுக்கொள்ளலாம். அபாயக் குறிகளையும் கற்றுக்கொள்ளலாம். மருந்தைத் தொடக் கூடாது. கேட்ட ரகசியம் தண்ணீர்க் குழாயடிக்குப் போகக் கூடாது. லைன் வீட்டில் அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

ஏழாண்டு:
சம்பளத்தையும் கேளுங்கள். சேவை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கினால், ஆறே மாதத்தில் அந்தப் பெண் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். அவளை நம்பி வந்தவன் என்ன ஆவான்?

தேயிலைக்காடு:
நாளைக் காலை பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்கிறேன். எந்த மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி, முடித்தபின் யாரின் மேற்பார்வை, யார் சம்பளம் தருவார்கள் என்று மூன்றையும் கேட்கிறேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தாள். சாம்பார் மாத்திரை பற்றிப் படித்ததும் எழுந்து போய், பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

மலைச்செவிலி:
அந்த அக்கா மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறாரா? அப்படியென்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது கொடுத்தார் என்றும் கேளுங்கள். நிறுத்தினாலும் அதன் வேகம் இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்கும். மாத்திரை உள்ளே போனவர் குடித்துவிட்டு வந்தால் காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள்.