புது மென்பொருள் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த கோ-லைவ் அன்று என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஓஎம்ஆர் டெஸ்டர்:

11 வருடமாக மென்பொருள் டெஸ்டிங்தான் பிழைப்பு. மூன்று பெரிய கோ-லைவ் பார்த்தாயிற்று, அதில் ஒன்றுதான் உருப்படியாக நடந்தது. மற்ற இரண்டில் ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனி பெயர், க்ளையன்ட் பெயர் யாரும் போட வேண்டாம், எல்லோருக்கும் வேலை வேண்டும்.

தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றுக்கு நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருள். திட்டத்தில் டெஸ்டிங்குக்கு 6 வாரம் என்று போட்டிருந்தார்கள். டெவலப்மென்ட் இழுத்துக்கொண்டே போனது, இழுத்த ஒவ்வொரு வாரத்தையும் எங்கள் கணக்கில் கழித்துக்கொண்டே வந்தார்கள், கடைசியில் எங்கள் கைக்கு வந்தது 9 நாள். தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்றதற்கு, அழைப்பிதழ் அடித்தாயிற்று என்று பதில். அந்த 9 நாளில் எது ஓடும் என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியுமோ அதைத்தான் ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் சரி என்று சைன்-ஆஃப் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், அதை மறைக்கவில்லை.

அன்று காலை ராகு காலம் கழித்துக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். சர்வர் அறை வாசலில் எலுமிச்சம்பழம் கூட வைத்தார்கள். முதல் ஆளாக ஒரு பாட்டி வந்தார். லாஸ்ட் நேம் கட்டாயம், குறைந்தது மூன்று எழுத்து. பாட்டிக்கு இருப்பதோ ஒரு பெயர், முன்னால் ‘மு.’ என்று ஓர் இனிஷியல். கவுன்ட்டரில் இருந்த பெண் மு என்று அடித்தார், சிவப்பில் ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்று வந்தது. பாட்டி கேட்கிறார், “ஏம்மா, என் பேரு சரியில்லைங்குதா அது?”

இதில் கொடுமை என்னவென்றால் அதை எழுதியவர், சோதித்த நான், ஒப்புதல் கொடுத்த மேனேஜர் எல்லோருமே இனிஷியல்காரர்கள்தான். ஆனால் நாங்கள் போட்ட டெஸ்ட் டேட்டா முழுக்க ஷர்மாக்களும் வர்மாக்களும். பழைய ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியது.

அடுத்தது பிறந்த தேதி. பாட்டிக்குத் தேதியெல்லாம் தெரியாது, “அறுவத்தஞ்சு இருக்கும்” என்றார். காலண்டர் இன்றைய மாதத்தில் திறக்கும், பின்னால் போக ஒரே ஓர் அம்புக்குறி, ஒரு கிளிக்குக்கு ஒரு மாதம். 65 வருடத்துக்கு 780 கிளிக். டெஸ்டிங்கில் இது ஏன் மாட்டவில்லை தெரியுமா? தேதியை அப்படியே விட்டுவிட்டு சேவ் அழுத்துவோம். எங்கள் நோயாளிகள் எல்லோரும் அன்றைக்குப் பிறந்த குழந்தைகள்.

அப்புறம் ஓடிபி. செல்போன் வீட்டில் மகனிடம்.

10 மணிக்கெல்லாம் வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது. வார் ரூம் என்று பெயர் போட்ட அறையில் நாங்கள் 6 பேர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வழி கண்டுபிடித்தது அந்தக் கவுன்ட்டர் பெண்தான். ஓடிபிக்குத் தன் சொந்த நம்பர், லாஸ்ட் நேம் எல்லோருக்கும் ‘இல்லை’, பிறந்த தேதியைக் காலண்டரைத் தொடாமல் டைப் அடிக்க முடியும் என்று தற்செயலாகக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் ஜனவரி 1, வருடம் மட்டும் குத்துமதிப்பாக. வரிசை நகர்ந்தது. மாலையில் மருந்தகத்திலிருந்து கூப்பிட்டார்கள், போன் நம்பர் போட்டுத் தேடினால் ஒரே நம்பருக்கு 200-க்கு மேல் நோயாளிகள் வருகிறார்கள் சார் என்று.

ராத்திரி ஷிப்ட்:

780-ஐப் படித்துவிட்டு ஆபீசில் சத்தமாகச் சிரித்துத் தொலைத்தேன்.

7-ம் நம்பர் கவுன்ட்டர்:

நான் ஐடி ஆள் இல்லை, ஜவுளிக்கடையில் பில் போடுகிறவன். ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கும் அன்றைக்கே புது பில்லிங் சாப்ட்வேர் என்று முதலாளி முடிவெடுத்தார். முந்தின வாரம் சாப்ட்வேர் தம்பிகள் இரண்டு பேர் வந்து லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்கள், நன்றாகத்தான் இருந்தது. ஒருவர் பில் போட்டு முடித்த பிறகு இன்னொருவர் போட்டார், அதுதான் விஷயம்.

ஆடி முதல் நாள் 14 கவுன்ட்டர். 11 மணிவாக்கில் பக்கத்துக் கவுன்ட்டர் அக்காவின் பில்லும் என் பில்லும் ஒரே நம்பர். பட்டுப்புடவை வாங்கினவருக்கு டெலிவரியில் யாருடைய லுங்கி பார்சலோ போய்விட்டது. பிறகு விசாரித்தபோது சொன்னார்கள், கடைசி பில் நம்பரை எடுத்து ஒன்று கூட்டிக்கொள்ளுமாம், இரண்டு பேர் ஒரே நொடியில் எடுத்தால் இருவருக்கும் அதே நம்பர்தானாம். இது எனக்கே புரிகிறது, படித்தவர்களுக்கு எப்படித் தோன்றாமல் போனது? மதியம் பரணிலிருந்து பழைய பில் புக்கை இறக்கி, கார்பன் தாள் வைத்து எழுத ஆரம்பித்தோம். ஜிஎஸ்டி கணக்கில் அந்த ஒரு நாளைச் சரிக்கட்ட ஆடிட்டர் பட்ட பாடு தனிக் கதை.

பெயர் வேண்டாம்:

என் சொந்தக் கதையைச் சொன்னால் ஒப்பந்தப்படி என் மேல் கேஸ் போடுவார்கள், அதனால் ஊரறிந்த கதைகள்.

2018 ஏப்ரலில் பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புது சிஸ்டத்துக்கு மாற்றியது. திங்கட்கிழமை பலரால் உள்ளேயே போக முடியவில்லை, சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. பிறகு வங்கியின் இயக்குநர் குழு கேட்டு வாங்கிய விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் வருகிறது: சர்வர்கள் இருக்கும் டேட்டா சென்டர் இரண்டு, ஆனால் சுமையைத் தாங்குமா என்று ஓட்டிப் பார்த்தது ஒன்றில் மட்டும். கோ-லைவ் ஆனது இரண்டிலும். 2022 டிசம்பரில் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம். ஒரு டேட்டா சென்டரை டெஸ்ட் செய்ய அதில் எத்தனை பைசா ஆகியிருக்கும்?

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கான அரசு இணையதளம் ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முதல் நாள் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் 6 பேர். ஆறு லட்சம் இல்லை, ஆறு. தனித்தனித் துண்டுகளை ஒவ்வொரு கம்பெனியும் சோதித்திருந்தது, எல்லாவற்றையும் சேர்த்து முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்தது திறப்பதற்கு இரண்டே வாரம் முன்னால்தான். போதாததற்கு, திட்டங்களைச் சும்மா பார்க்க வேண்டுமென்றாலும் முதலில் கணக்கு தொடங்க வேண்டும் என்று வைத்தார்கள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் முழுக்க அந்த ஒரு வாசலில் போய் முட்டியது.

பேக்-எண்ட் மாமா:

டெஸ்டிங் என்று மட்டும் சொல்லாதீர்கள். தப்பு நடந்தால் எப்படித் திரும்பி வருவது என்பதை யாராவது ஒத்திகை பார்க்கிறோமா? 2012 ஆகஸ்ட் 1, நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். புது ப்ரோகிராமை 8 சர்வரில் போட வேண்டும், 7-ல் போட்டார்கள், ஒன்று விட்டுப்போனது. அந்த எட்டாவதில் 2003-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத பழைய ப்ரோகிராம் ஒன்று செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. அதை எழுப்பும் பழைய சுவிட்சைத்தான் புது வேலைக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தை திறந்ததும் பாம்பு எழுந்து கண்டபடி பங்குகளை வாங்க ஆரம்பித்தது. பதற்றத்தில் இவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள், சரியாக இருந்த 7 சர்வரிலிருந்தும் புது ப்ரோகிராமை எடுத்தார்கள், இப்போது எட்டிலும் பாம்பு. மொத்தம் 45 நிமிடம், 44 கோடி டாலருக்கு மேல் போச்சு. அன்று காலை சந்தை திறக்கும் முன்பே சிஸ்டம் 97 மெயில் அனுப்பியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. நம் இன்பாக்ஸிலும் இப்படித் தானாக வரும் மெயிலை ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறோம், நான் உட்பட.

7-ம் நம்பர் கவுன்ட்டர்:

அப்போ எங்கள் கடை பரவாயில்லை. கார்பன் தாளாவது இருந்தது.

ராத்திரி ஷிப்ட்:

டெஸ்டர் சார், அந்த லாஸ்ட் நேமை எப்போதுதான் சரி செய்தீர்கள்?

ஓஎம்ஆர் டெஸ்டர்:

அன்று இரவே எடுத்துவிட்டோம், ஒரு வரி மாற்றம். ஓடிபியை மறுநாள். காலண்டரை மாற்ற 3 வாரம் ஆனது, யார் செலவு என்று இரண்டு தரப்பும் மெயில் போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே போய்விட்ட பழைய பதிவுகளை மட்டும் யாரும் தொடவில்லை.

போன வருடம் அம்மாவுக்கு முட்டி வலி என்று அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அம்மா கோ-லைவ் வாரத்திலேயே சுகர் பார்க்க அங்கே போயிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. பழைய கார்டைத் தேடி எடுத்து அச்சடித்துக் கொடுத்தார்கள். லாஸ்ட் நேம்: இல்லை. பிறந்த தேதி: ஜனவரி 1. அம்மா கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “நான் ஆவணியில பொறந்தவடா, இதை எந்தக் கம்பெனிடா பண்ணிச்சு?” என்றார். வரிசை நகருதும்மா, உள்ளே போகலாம் என்றேன்.